ரோடு ரோலருக்கு இடுப்பு வைத்தவர்கள்

நாத்தனார் அண்ணியைப் பற்றி எழுதினால் பாதி குத்தலும் மீதி குடைச்சலுமாகத்தான் இருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வந்தால் உறவுமுறையெல்லாம் பார்க்கத் தெரியாது. இப்போது வந்திருக்கிற கோபம் என் அண்ணிக்காக வந்தது. இறக்கி வைக்க வேறு இடம் இல்லாததால் இங்கே இறக்கி வைக்கிறேன்.

ஆபீசில் அண்ணிக்கு 'மடக்கு' என்று பெயர். சினிமா வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு நாற்காலிக் கம்பெனியில் மடக்குக் கட்டில், மடக்கு மேசை, பகலில் சோபாவாகவும் இராத்திரி படுக்கையாகவும் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். கையில் எது கிடைத்தாலும் அது எங்கே மடங்கும், எங்கே முட்டும் என்று பார்க்கிற புத்தி. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரத்திலேயே கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு இஸ்திரி மேசையைச் செய்து மாட்டிவிட்டாள். "வந்ததும் வராததுமா வீட்டையே மடக்கிட்டா" என்றாள் என் அம்மா. வீட்டோடு சேர்த்து மகனையும்தான் சொன்னாள்.

எனக்கு அந்த ஆபீசில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிய ஒரு மாடி அறை. மேசைக்கு மேசை கம்ப்யூட்டர். சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் பூட்டி வைத்த பழைய பொம்மைகள். முன்னொரு காலத்தில் பிள்ளைகள் கையில் வைத்துத் திருகித் திருகி விளையாடிய பிளாஸ்டிக் ரோபோக்கள் அவை. லாரியை விரித்தால் மனிதன் மாதிரி எழுந்து நிற்கும், திரும்ப மடக்கினால் லாரி. அந்தப் பொம்மைகளை வைத்து, நிஜ நடிகர்கள் நிஜத் தெருவில் தலைதெறிக்க ஓடுகிற படங்களாக எடுத்தார்கள். இரண்டு படம் ஓடிவிட்டது. மூன்றாவது படத்துக்கு இன்னும் சில பொம்மைகளைத் திரைக்கு ஏற்றபடி மறுபடியும் வடிவமைக்கிற வேலை எங்களுக்கு வந்தது.

உள்ளங்கையில் அடங்குகிற பொம்மையை அப்படியே மாடி உயரத்துக்கு நிறுத்தினால் வெறும் டப்பா மாதிரி இருக்கும். அதற்கு இரும்பும் கீலும் குழாயும் கொடுத்து ஒரு கனத்தைக் கொண்டுவர வேண்டும். அது அண்ணி மாதிரி ஆட்களின் வேலை. அதன் மேல் துரு, கீறல், பெயிண்ட் உரிந்த இடம் எல்லாம் போடுவது என் வேலை. துரு போடுகிறவள்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். துரு இல்லாத ரோபோ கடையிலிருந்து இப்போதுதான் வாங்கி வந்த பாத்திரம் மாதிரி பல்லை இளித்துக்கொண்டு நிற்கும், ஒருவரும் நம்பமாட்டார்கள். அந்த அறையில் பெண்கள் என்று பார்த்தால் அண்ணியும் நானும் மட்டும்தான்.

வேலையைப் பங்கு போட்ட அன்று போலீஸ் கார், விமானம், பந்தயக் கார் எல்லாவற்றையும் ஆண்கள் ஆளுக்கொன்றாக அள்ளிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ரோடு ரோலர். மஞ்சள் நிறம், முன்னால் ஒரு பெரிய இரும்பு உருளை, யாரும் சீந்தாத வண்டி. அந்த ரோலர் ஒரு பெண் என்று பழைய பொம்மைப் பெட்டியின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. "லேடி ரோபோவாம், நீங்களே எடுத்துக்கங்க" என்று எங்கள் தலைமை வடிவமைப்பாளர் அதை அண்ணியிடம் தள்ளிவிட்டார். ஆபீசில் அவரை எல்லோரும் 'தலை' என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அதற்குமேல் மரியாதை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வண்டியில் இருக்கிற ஒவ்வொரு துண்டும் ரோபோவில் எங்கேயாவது இருக்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் திருட்டு, ஒன்று குறைந்தாலும் திருட்டு. கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் அட்டையை வெட்டி, ஒட்டி, கீலுக்கு நூல் கட்டி, கையில் மடக்கிப் பார்ப்பாள். மற்றவர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. ஒரு பாகம் எங்கேயும் பொருந்தவில்லையா? ரோபோ எழுந்திருக்கிற நேரத்தில் ஒரு புழுதிப் படலத்தைக் கிளப்பிவிடுவார்கள். புழுதி அடங்கும்போது அந்தப் பாகம் காணாமல் போயிருக்கும். பார்க்கிறவர்கள் கண்ணில் மண்ணைத் தூவுவது என்று நாம் சும்மா சொல்லுவோமே, இவர்கள் அதற்குத் தனியாக ஒரு பிரிவே வைத்திருந்தார்கள்.

ரோலரில் வம்பு பிடித்த சாமான் அந்த உருளைதான். அதைப் பிளக்க முடியாது, மடக்க முடியாது. முதுகில் மாட்டினால் அட்டை ரோபோ மல்லாந்து விழுந்தது. காலில் வைத்தால் நடக்கவில்லை. அண்ணி சாப்பிடும்போதுகூட ஒரு பழைய டப்பாவை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "சோறு ஆறுது, மகாராணி" என்று அம்மா இடித்துக் காட்டினாலும் காதில் விழாது.

அப்போதுதான் ஒரு நாள் அம்மா சோபாவிலிருந்து எழுந்தாள். என் அம்மாவுக்குக் கனத்த உடம்பு. முழங்கால் வலி வேறு. அவள் எழுவதே ஒரு பெரிய வேலை. முதலில் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து விளிம்புக்கு வருவாள். ஒரு கையை முழங்காலில் ஊன்றுவாள். வயிற்றை முன்னால் கொண்டுவந்து பாரத்தையெல்லாம் பாதத்தின் மேல் ஏற்றுவாள். ஒரு மூச்சு விடுவாள். அதன் பிறகுதான் இடுப்பு மேலே வரும், தலை கடைசியில் நிமிரும். அண்ணி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இன்னொரு தடவை உக்காந்து எழுந்திரிங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா உக்காந்து எழுந்திரிக்க நான் என்ன பள்ளிக்கூடத்துல தப்புப் பண்ணிட்டு நிக்கிறேனா?" என்று முறைத்தாள் அம்மா. இருந்தாலும் உட்கார்ந்து எழுந்தாள்.

அடுத்த வாரம் அட்டை ரோலர் எங்கள் சாப்பாட்டு மேசையில் நின்றது. உருளை அதன் வயிறாகிவிட்டது. அண்ணி நூலை இழுக்க, அது முன்னால் நகர்ந்து, கையை முழங்காலில் ஊன்றி, உருளையின் பாரத்தைப் பாதத்துக்கு ஏற்றி, மெதுவாக நிமிர்ந்தது. மேசையை அண்ணன் வேண்டுமென்றே இடித்துப் பார்த்தான். அசையவில்லை.

அம்மா பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். "இது நான்தானே?"

மாமியாரை ரோடு ரோலராக்கிய மருமகளை எந்த வீட்டில் சும்மா விடுவார்கள்? இன்று வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"நான் எங்கேம்மா வலது முழங்கால்ல கை வெப்பேன்? அதுதானே வலிக்கிற கால். இடதுல வெப்பேன். மாத்து" என்றாள்.

அண்ணி மாற்றினாள். மாற்றிய பிறகு அது இன்னும் நன்றாக நின்றது. அன்றிலிருந்து பக்கத்து வீடு, மருந்துக் கடை, முடிவெட்டுகிற கடை என்று போகிற இடமெல்லாம், "சினிமாவுல நான் எழுந்திரிக்கிறேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டு திரிந்தாள். சண்டை போட்டுக்கொண்டே இருந்த இரண்டு பேரும் அந்த ரோலரை வைத்துத்தான் ஒழுங்காகப் பேசவே ஆரம்பித்தார்கள்.

ஆபீசில் அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டிய அன்று எல்லோரும் மேசையை விட்டு எழுந்து வந்தார்கள். "இன்னொரு தடவை போடுங்க" என்றார்கள். தலையே கை தட்டினார். "வெயிட்டு தெரியுது" என்றார். வரைபடத்தின் மூலையில் வடிவமைத்தவர் பெயர் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அண்ணி அதில் தன் பெயரை எழுதிவிட்டு, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அதை விரலால் ஒரு தடவை தடவினாள்.

அந்த ரோலர் மேலிடத்துக்குப் போனது. திரும்பி வந்தபோது கழுதை தேய்ந்து கட்டெறும்பாகியிருந்தது.

யார் வரைந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. உருளையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பிடி இடுப்பு. மேலே இரண்டு உருண்டையான தகடு, என்னத்துக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உதடு, அதில் சிவப்பு. காலில் ஒரு சாண் உயரத்துக்குக் குதிகால். சூடான தாரில் நின்று வேலை செய்கிற வண்டிக்குக் குதிகால்! இவர்கள் ஒருவராவது ரோடு போடுவதை வாழ்நாளில் ஒரு தடவை நின்று பார்த்திருப்பார்களா? நான் போட்ட துருவையும் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். கதாநாயகி அல்லவா, துரு பிடிக்கக்கூடாதாம். எல்லாவற்றையும் மாற்றியவர்கள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. மூலைக் கட்டத்தில் அண்ணியின் பெயர் அப்படியே இருந்தது.

அண்ணி தலையின் அறைக்குப் போனாள். எனக்கு இருப்புக் கொள்ளாமல் நானும் பின்னாலேயே போனேன்.

"சார், உருளை எங்க?"

"அதான் எழுந்திரிக்கிறப்ப புழுதி வருமே" என்றார் தலை.

"சரி, இது நான் வரைஞ்சது இல்ல. என் பேரை எடுத்துடுங்க."

"உன்னுதுதான்மா. கொஞ்சம் மெருகு போட்டிருக்கோம், அவ்வளவுதான்."

"ஒரு துண்டுகூட என்னுது இல்ல சார்."

தலை பக்கத்தில் உட்கார்ந்திருந்த விளம்பரக்காரரைப் பார்த்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். அவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "மேடம், இந்த மாதிரி ஒரு உருவத்தை வெளியே விட்டா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. பொம்பளையே வரைஞ்சதுன்னு சொன்னா எவனும் வாயைத் திறக்க மாட்டான். உங்க பேர் எங்களுக்கு அவ்வளவு முக்கியம். பெருமைப்படுங்க."

செய்கிற அசிங்கத்தைச் செய்துவிட்டு, அதற்கு ஒரு பெண்ணின் பெயரைத் திரைச்சீலையாகப் பிடிப்பது, பிடித்துவிட்டுப் பெருமைப்படு என்பது! அண்ணி வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் அண்ணன், "பேருதானே, போட்டுட்டுப் போகட்டுமே" என்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"நீங்க தொடாத லிஃப்ட்டுல, நீங்கதான் சரி பண்ணீங்கன்னு கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"போட்டா என்னைப் பிடிச்சு உள்ள தள்ளிடுவாங்க."

"எனக்கும் அதேதான்" என்றாள்.

அவள் சொன்னது பலித்துவிட்டது. படத்தில் வருகிற ரோபோக்களை மறுபடியும் பொம்மையாகச் செய்து விற்பார்கள். அதற்குப் பொம்மைக் கம்பெனிக்காரர்கள் மாதிரியைச் செய்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். படத்தில் உருளையைப் புழுதியில் மறைத்துவிடலாம். பிளாஸ்டிக் பொம்மையில் புழுதிக்கு எங்கே போவது? வேறு வழியில்லாமல் உருளையை முதுகில் மாட்டியிருந்தார்கள். நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, வந்தவர்களில் மூத்தவர் அதை விரித்து, குதிகால் தரையில் படும்படி நிறுத்திக் கையை எடுத்தார். அது மல்லாந்து விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடியும் விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

மூத்தவர் வரைபடத்தின் மூலையைப் பார்த்தார். "இதை வரைஞ்சது யாரு?"

மேசையில் இருந்த எல்லாத் தலையும் ஒன்றாக அண்ணி பக்கம் திரும்பின. எங்கள் தலை மட்டும் சிரித்துக்கொண்டு, "நாற்காலிக் கம்பெனியில இருந்து வந்தவங்க சார், சினிமாவுக்குக் கொஞ்சம் புதுசு. நிக்குமான்னு பாக்காம விட்டுட்டாங்க" என்றார். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். இங்கே உடைத்தவர்களே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, உடைக்காதவள் தலையில் சட்டியைக் கவிழ்த்தார்கள். நிற்குமா நிற்குமா என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தெரியாத அண்ணியைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில் அந்த வார்த்தை!

அண்ணி எழுந்தாள். "இது நான் வரைஞ்சது இல்ல" என்றாள். குரல் உயரவே இல்லை.

"இங்க பாரு மடக்கு, அப்புறம் பேசுவோம். எல்லாரும் சாப்பிடப் போலாமா?" என்று தலை விருந்தாளிகளைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். சாப்பிட்டுத் திரும்புவதற்குள் அவர்களே ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டார்கள். பொம்மை நிற்கத்தானே வேண்டும்? பாதத்தை ஒரு கண்ணாடி மாதிரியான தட்டில் ஒட்டிவிடலாம். அப்புறம் அது மடங்காது, ரோலராகவும் மாறாது. அது யாருக்கு வேண்டும்?

சாயங்காலம் அண்ணி கடைசியாக ஒரு தடவை கேட்டாள். "உடம்பை மாத்துங்க, இல்ல பேரை மாத்துங்க."

"உன்னுதுதான்மா அது, ஏன் இப்படி அடம் பிடிக்கிறே?" என்ற தலை, பிறகு பெருமூச்சு விட்டார். "நீ இந்த வேலையில இருக்கிற வரைக்கும் பேர் இருக்கும். நீ போயிட்டா எடுத்துடறேன்."

அண்ணி போய்விட்டாள். செய்யாத வேலையிலிருந்து தன் பெயரைக் கழற்றிக்கொள்ள, செய்த வேலையை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். நானும் கிளம்புகிறேன் என்றதற்கு, "ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா அடுப்பு எப்படி எரியும்? நீ இரு" என்று அதட்டினாள். இருந்தேன். அண்ணி பழைய நாற்காலிக் கம்பெனிக்கே திரும்பினாள். அங்கே அவளுக்கு முன்பிருந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். இப்போது மற்றவர்கள் வரைந்த கட்டிலுக்குக் கீல் சரிபார்க்கிறாள்.

படம் வந்தபோது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நால்வரும் போனோம். பேர் போய்விட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும் அண்ணிக்கு. ரோலர் வந்தது. திரை முழுக்கப் புழுதி. புழுதிக்குள்ளிருந்து இடுப்பை வெட்டிக்கொண்டு அது துள்ளி வந்து நின்றதும் தியேட்டரில் விசில் பறந்தது.

"இவ யாரு?" என்று கேட்டாள் அம்மா.

படம் முடிந்ததும், படி இறங்க நேரமாகும் என்று அண்ணன் அம்மாவை முன்னால் கூட்டிக்கொண்டு போனான். நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். வேலை செய்தவர்களின் பெயர்கள் சின்ன எழுத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. எதிரே எழுந்து நின்றவர்களின் தலைகளுக்கு நடுவில் கழுத்தை நீட்டி நீட்டிப் படித்தோம். ஒவ்வொரு ரோபோவாக வந்தது. அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ரோலர் வந்தது.

"இல்ல! என் பேர் இல்ல!" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

அவள் பெயர் இல்லைதான். அந்த இடத்தில் என் பெயர் இருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில்தான் படித்தோம். அண்ணியின் கை என் கையை விட்டது.

"நீ ஒத்துக்கிட்டியா?"

"இல்ல அண்ணி. சத்தியமா யாரும் என்னைக் கேக்கவே இல்ல."

"தெரியும்" என்றாள். மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் அப்படி என்னைக் கேட்கும்படி ஆகிவிட்டதே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மறுநாள் காலை நேராகத் தலையின் அறைக்குப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, திரையில உன் பேரு! ட்ரீட் எப்போ?"

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "பொம்பளை பேர் ஒண்ணு வேணும்னு மேல சொல்லிட்டாங்க. இங்க இருந்தது நீங்க ரெண்டு பேர். ஒருத்தி போயிட்டா. வேற யார் பேரைம்மா நான் போடுவேன்?"

"நான் துரு போடறவ சார். அதையும் துடைச்சிட்டீங்க. அந்த உடம்புல என் கை பட்ட இடமே கிடையாது. நான் வரையாததுக்கு என் பேரா?"

"அதனால என்னம்மா? உங்க அண்ணியும்தான் அதை வரையல" என்றார்.

அண்ணி எத்தனை தடவை கேட்டும், ஒரு சபை நடுவில் நின்று சொல்லியும், வேலையை விட்டே போன பிறகும் ஒப்புக்கொள்ளாத அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, அவர் மிச்ச டீயைக் குடித்தார்.